கவிழ்த்து வைத்த கிண்ணம்

சாப்பிடுவதற்கு முன்னால் அந்தச் சூப்பை நீங்கள் கைப்பேசியில் படம் எடுத்தீர்கள், பார்த்தேன். தப்பாக நினைக்காதீர்கள், சார், படம் நன்றாக வந்திருக்காது. தலைக்கு மேலே குழல்விளக்கு எரியும்போது எந்தச் சாப்பாட்டையும் எடுக்கக் கூடாது. கறித்துண்டு வெளிறிப்போய்விடும். கிண்ணத்தை அந்த ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள். வெளிச்சம் பின்பக்கமிருந்து சாய்வாக விழ வேண்டும். முன்னால் ஒரு வெள்ளைத்தாளை நிறுத்தினால் நிழலின் கடுமை குறையும். உங்கள் மேசையில் வெள்ளைத்தாளுக்கா பஞ்சம். வெங்காயத்தாளைக் கடைசியில்தான் தூவ வேண்டும், சூட்டில் அது ஒரு நிமிடத்துக்கு மேல் பச்சையாக நிற்காது. இப்போது எடுத்துப் பாருங்கள். பசிக்கிற மாதிரி இருக்கிறதல்லவா.

இதுதான் என் தொழில். என் பெயர் தோ இன்-சுக். வயது ஐம்பத்து நான்கு. சியோலில், சுங்முரோ பகுதியில் இருக்கிற ஓக் தே-கியூ ஸ்டுடியோவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். படம் எடுத்தவர் அவர். படத்தில் இருந்ததைச் செய்தவள் நான். மெட்ரோ சுவரில் வறுத்த கோழியைப் பார்த்து நீங்கள் எப்போதாவது எச்சில் விழுங்கியிருந்தால், அது என் கைவேலையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

ஓக் தே-கியூ மே மாதம் பதினான்காம் தேதி இறந்தது விபத்து என்று உங்கள் கோப்பில் இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். நான் அழைக்கப்படவில்லை, நானாக வந்தேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சொல்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. என் தம்பி தோ மான்-சிக் யாரையும் ஏமாற்றவில்லை என்று அதில் ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் நான் இவ்வளவு தூரம் வந்ததே வீண்.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் மற்றது புரியாது.

சாப்பாட்டுக்குப் பொறுமை கிடையாது, சார். விளக்கைச் சரி செய்யவே இருபது நிமிடம் ஆகும், அதற்குள் எல்லாம் வாடிவிடும். பாலில் போட்ட சோளப்பொரி ஊறிவிடும், அதனால் பாலுக்குப் பதில் வெள்ளைப் பசை. ஐஸ்க்ரீம் உருகும், அதனால் பிசைந்த உருளைக்கிழங்கு. குளிர்ந்த பாட்டிலின் மேல் முத்து முத்தாக நிற்கிற தண்ணீர், கிளிசரின். கோழி முழுதாக வெந்தால் தோல் சுருங்கும், அதனால் உள்ளே பச்சையாகவே விட்டுவிட்டு மேலே சோயா சாறு பூசி நெருப்பில் காட்டுவேன். சாதத்திலிருந்து எழுகிற ஆவி, பின்னால் ஒளித்து வைத்த சூடான ஈரப்பஞ்சு. இதையெல்லாம் பொய் என்று நாங்கள் சொல்வதில்லை. பார்க்கிறவர் நாக்கில் ஊறுகிற எச்சில் நிஜம்தானே.

எல்லாவற்றிலும் கஷ்டமானது குளிர் நூடுல்ஸ். அதைச் செய்கிற மெமில் என்கிற தானியத்தின் மாவில் பசை கிடையாது, கோதுமை மாதிரி இழுக்காது. சாற்றில் போட்ட ஆறாவது நிமிடம் ஊதிப்போய், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தொட்டால் அறும். அதனால் நான் கோதுமையில் செய்தேன். வறுத்த பார்லிப் பொடி சேர்த்தால் அந்த மங்கிய பழுப்பு வரும். கருப்பு எள்ளை நுணுக்கிப் போட்டால் மெமில் உமியின் புள்ளி மாதிரியே இருக்கும். மேலே தூரிகையால் துளி எண்ணெய். அரைமணி நேரம் வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கும். அதை வைத்து ஐம்பது கடைகளுக்காவது படம் எடுத்திருப்போம். மெமில் விளைவிக்கிற ஊர்க்காரர்கள்கூடக் கண்டுபிடித்ததில்லை.

அந்தக் கோதுமை நூடுல்ஸால் இன்னொரு நன்மையும் இருந்தது. முதலாளிக்கு மெமில் ஆகாது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சித்தப்பா வீட்டில் மெமில் உமி அடைத்த தலையணையில் படுத்திருக்கிறார். விடிவதற்குள் முகம் வீங்கி, தொண்டை அடைத்து, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதை எனக்குச் சொல்லிவிட்டார். அவருடைய சிவப்புத் தோள்பையின் பக்கவாட்டு அறையில் எப்போதும் ஓர் அவசர மருந்து ஊசி இருக்கும், அதை எப்படிப் போடுவது என்று எனக்கும் கற்றுக்கொடுத்திருந்தார். இந்த நாட்டில் பிறந்துவிட்டு ஜூலை வெயிலில் ஒரு கிண்ணம் குளிர் நூடுல்ஸ் சாப்பிட முடியாத மனிதன் பாவம்தான். அதை நான் மறுக்கவில்லை.

அப்படிப்பட்டவருக்கு நான் வந்து சேர்ந்தேன். கோடைக்கால உணவுப் பட்டியலுக்கு வசந்தத்திலேயே படம் எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் மேயிலும் கடைசிப் படம் எடுத்து முடித்ததும் கையை ஒருமுறை தட்டுவார், ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு உட்காருவார். சாயம் கலந்த காட்சிச் சாற்றை நான் கொட்டிவிட்டு, குளிர்பெட்டியிலிருந்து நிஜமான முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயின் சாற்றை ஊற்றி, கடுகும் வினிகரும் தாராளமாக விட்டுக் கொடுப்பேன். சின்னப் பிள்ளை மாதிரி உறிஞ்சித் தின்பார்.

“உலகத்துலேயே என்னைக் கொல்லாத குளிர் நூடுல்ஸ் உன் கையில மட்டும்தான் இருக்கு, இன்-சுக்.”

“மெதுவா தின்னுங்க முதலாளி. தொண்டைய அடைச்சுக்கப் போகுது.”

“அடைச்சுக்கிட்டா நீ வேற முதலாளியத் தேடிக்கோ.”

இருபத்திரண்டு வருடமும் இதே பேச்சு. ஒவ்வொரு தடவையும் நான் சிரித்திருக்கிறேன். அவர் மேல் எனக்கு அப்போது எந்த வருத்தமும் இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மான்-சிக் என்னைவிட ஒன்பது வயது இளையவன். வாயில்லாப் பூச்சி. வொன்ஜுவில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எட்டு மேசை போட்டுக் குளிர் நூடுல்ஸ் கடை வைத்திருந்தான். மாவை அவனே பிசைந்து, அவனே அச்சில் பிழிந்து, அவனே பரிமாறுவான். கிண்ணத்தில் இரண்டு துண்டு மாட்டிறைச்சி, அரை முட்டை, பேரிக்காய் மூன்று சீவல். நூடுல்ஸ் சாற்றுக்குள் முங்கிக் கிடக்கும். பார்வைக்கு ஒன்றுமே இருக்காது. ஆனால் ஒருமுறை தின்றவன் அடுத்த வாரமும் வந்து நிற்பான்.

பக்கத்தில் பெரிய கடைகள் வந்தபோது கூட்டம் குறைந்தது. வாசலில் மாட்ட ஒரு நல்ல படம் வேண்டும் என்றான். நான் முதலாளியிடம் கேட்டேன். “உன் தம்பி கடைதானே, நானே எடுத்துத் தரேன்” என்றார். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் வொன்ஜுவுக்குப் போகவில்லை. போக முடியாது. மெமில் மாவு பறக்கிற கடைக்குள் காலெடுத்து வைத்தால் அவருக்கு மூச்சு நின்றுவிடும். படத்தைச் சுங்முரோவில்தான் எடுத்தோம். கடையிலிருந்து வந்தது, அடியில் கடைப் பெயர் பொறித்த பித்தளைக் கிண்ணம் ஒன்று மட்டும்தான். அதையும் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் உள்ளே விட்டார். மற்ற எல்லாம் ஸ்டுடியோச் சரக்கு. கோதுமை நூடுல்ஸ். ஐந்து துண்டு இறைச்சி, விசிறி மாதிரி விரித்து வைக்கப்பட்டது. நூடுல்ஸ் சாற்றில் முங்கிவிடாமல் இருக்க, அடியில் ஒரு சின்னக் கிண்ணம் கவிழ்த்து வைக்கப்பட்டது. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். கவிழ்த்த கிண்ணத்தின் மேல் சுற்றினால் ஒரு பிடி நூடுல்ஸ் குன்று மாதிரி எழும்பி நிற்கும்.

படம் அற்புதமாக வந்தது. மான்-சிக் அதை வாசலில் மாட்டினான், உணவு வரவழைக்கிற செயலியிலும் ஏற்றினான். கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தது. ஒரே மாதத்தில் சியோலிலிருந்து ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றார்கள். “அக்கா, தண்ணி குடிக்க நேரமில்ல” என்று சிரித்துக்கொண்டே பேசினான். அவன் சிரித்துப் பேசி நான் கேட்ட கடைசி அழைப்பு அது.

பிறகு ஒரு பெண் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டாள். ஒன்று வாசலில் இருந்தது, இன்னொன்று அவள் மேசைக்கு வந்தது. ஒன்றில் மேடு, இன்னொன்றில் பள்ளம். ஒன்றில் ஐந்து துண்டு, இன்னொன்றில் இரண்டு. அவ்வளவுதான், ஊரே திரும்பிக்கொண்டது. மான்-சிக் அன்றைக்கே படத்தை இறக்கிவிட்டான். ஆனால் இறக்கின படம்தான் அதிகம் சுற்றியது. சாப்பிட வராதவர்கள்கூட இறைச்சியை எண்ண வந்தார்கள். ஒருத்தன் அளவுகோல் கொண்டுவந்து நூடுல்ஸின் உயரத்தை அளந்தான்.

“அண்ணே, மீதி மூணு துண்டு எங்க? வீட்டுக்குப் பார்சல் கட்டிட்டீங்களா?”

இதை ஒரு நாளைக்கு இருபது பேர் கேட்டால் என்ன செய்வீர்கள்? நீங்களோ நானோ என்றால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்போம். அவன் ஒவ்வொருத்தருக்கும் குனிந்து மன்னிப்புக் கேட்டான். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஐந்து துண்டு வைக்க ஆரம்பித்தான். மாட்டிக்கொண்டதும் வைக்கிறான் பார் என்றார்கள்.

“அக்கா, படத்தை எப்படி எடுத்தாங்கன்னு ஒரே ஒரு வார்த்தை உங்க முதலாளியைச் சொல்லச் சொல்லு. நான் ஏமாத்தலைன்னு அவர் சொன்னா போதும்.”

“சொல்லச் சொல்றேன்டா. கொஞ்சம் பொறு. ரெண்டு வாரத்துல எல்லாரும் மறந்துடுவாங்க.”

“அவங்க மறந்துடுவாங்க. எனக்கு மறக்கணுமே.”

நான் முதலாளியிடம் போய் நின்றேன். அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “கோதுமையை மெமில்னு காட்டினோம்னு வெளிய தெரிஞ்சா எந்தக் கம்பெனிக்காரன் நம்ம படியேறுவான்? என் பொழப்பு போகும், உன் பொழப்பும் போகும். யோசிச்சுப் பாரு.” யோசித்துப் பார்த்தேன்.

அந்த வாரமே ஒரு தொலைக்காட்சிக்காரர் கேமராவோடு ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார். முதலாளி நாக்குக் கூசாமல் சொன்னார்: “கடைக்காரர் குடுத்ததைத்தான் நாங்க எடுத்தோம். எங்க வேலை பட்டனை அமுக்கறது மட்டும்தான்.” பன்னிரண்டு வினாடி. கடைக்காரர் கொடுத்த நூடுல்ஸ் அந்த அறைக்குள் வந்திருந்தால் அவர் உயிரோடு நின்று பேசியிருக்க முடியாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பன்னிரண்டு வினாடியில் என் தம்பியைத் தலைமுழுகிவிட்டு, அடுத்த படத்துக்கு விளக்கை மாற்றச் சொன்னார்.

அக்டோபரில் மான்-சிக் கடையை மூடினான். நவம்பரில் ஊருக்கு வெளியே அணைக்கரையில் அவன் காலணி கிடைத்தது, மறுநாள் அவன் கிடைத்தான். சட்டைப் பையில் கடைச் சாவி இருந்தது. உங்கள் துறைக்காரர்கள்தான் அதை ஓர் உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள், மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

முதலாளி இறுதிச் சடங்குக்கு வந்தார். தம்பியின் படத்துக்கு முன்னால் முறைப்படி இரண்டு தடவை விழுந்து வணங்கினார். பிறகு உட்கார்ந்து காரமான மாட்டிறைச்சிச் சூப்பை இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு என் தோளைத் தட்டி, “ரொம்ப மனசு பலவீனமான பையன், பாவம்” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதுவரை அழுகைதான் இருந்தது, அதன் பிறகு அழுகை வரவில்லை. இந்த வாய் மூச்சுக்குத் தவிக்கிறதை நான் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. புத்தி தெளிவாகத்தான் இருந்தது. காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் ஊத்தவா, முதலாளி?” என்று கேட்டேன்.

நவம்பரில் யாரும் குளிர் நூடுல்ஸ் படம் எடுப்பதில்லை. அதனால் ஆறு மாதம் காத்திருந்தேன். மான்-சிக் கடையைத் திறந்து, மிச்சமிருந்த அரை மூட்டை மெமில் மாவையும், அவன் நூடுல்ஸ் அச்சையும் எடுத்துவந்தேன். அந்தப் பித்தளைக் கிண்ணம் ஸ்டுடியோவிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் பிழிந்து பார்ப்பேன். முதலில் அறுந்து அறுந்து விழுந்தது. அவனுக்கு இருந்த கைப்பக்குவம் எனக்கு வர மார்ச் ஆகிவிட்டது. வேலைக்குப் போகும்போது குளித்து, வேறு துணி உடுத்திக்கொள்வேன், மாவுத் தூசி என் மேல் இருந்து முன்கூட்டியே ஏதாவது ஆகிவிடக் கூடாது என்று. எந்த வேலைக்கும் அதற்கு முன்பு நான் அவ்வளவு கவனம் எடுத்துக்கொண்டதில்லை.

மே பதினான்காம் தேதி ஒரு ஹோட்டலின் கோடைப் பட்டியலுக்குப் படம் எடுத்தோம். பீங்கான் கிண்ணம்தான் பேசியிருந்தார்கள். நான் மான்-சிக்கின் பித்தளைக் கிண்ணத்தை வைத்தேன். “இது நல்லா மின்னுது, வெயில் காலத்துக்குப் பொருத்தம்” என்றேன், எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. பித்தளையில் ஒரு தொல்லை உண்டு, சார். சுற்றி இருக்கிற அத்தனையும் அதில் தெரியும். விளக்கு, ஏணி, ஆட்களின் சட்டை, எல்லாம். முதலாளி கேமராவுக்குள் பார்த்துவிட்டுக் கத்தினார்.

“கிண்ணத்துல என்னமோ செகப்பா தெரியுது. என் பை. அதை எடு.”

“எங்க வைக்கட்டும், முதலாளி?”

“எங்கயாவது வை. கண்ணுல படாத எடமா பாத்து வை.”

நான் அதைக் கீழே கொண்டுபோய் அவர் காரில் வைத்துப் பூட்டினேன். சாவியை என் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். படத்தில் தெரியக் கூடாததை அகற்றுவது என் வேலை. அதற்குத்தான் அவர் என்னை வைத்திருந்தார்.

படத்துக்கு வழக்கமான கோதுமை நூடுல்ஸ்தான். ஹோட்டல்காரர்கள் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிப் போனார்கள். முதலாளி கையைத் தட்டினார், பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குளிர்பெட்டியில் நான் இரண்டு டப்பா வைத்திருந்தேன். ஒன்று கோதுமை, இன்னொன்று அன்று விடியற்காலையில் பிழிந்த மெமில், மூன்று உறை போட்டுக் கட்டியது. இரண்டு வைத்ததற்குக் காரணம் உண்டு. நான் அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க விரும்பினேன்.

“முதலாளி, அந்த வொன்ஜு விஷயம். இப்பவாவது ஒரு வார்த்தை வெளிய சொல்லிடலாமே. தம்பி பேராவது சுத்தமாகும்.”

அவர் சாப்பாட்டுக் குச்சிகளைப் பிரித்துக்கொண்டே சிரித்தார். “செத்தவனுக்கு இப்ப எதுக்கும்மா விளம்பரம்? பசிக்குது, கொண்டா.”

கொண்டுபோனேன். கடுகும் வினிகரும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட விட்டேன். சாற்றில் உடைத்த ஐஸ். இரண்டு துண்டு இறைச்சி, அரை முட்டை, பேரிக்காய் மூன்று சீவல். அடியில் எந்தக் கிண்ணமும் இல்லை. அது மான்-சிக்கின் கிண்ணம், மான்-சிக்கின் மாவு, அவன் பரிமாறுகிற விதத்திலேயே. முதலாளி பெரிய வாயாக மூன்று வாய் உறிஞ்சினார், கிண்ணத்தைத் தூக்கிச் சாற்றையும் குடித்தார்.

“இன்னைக்கு ருசி வேற மாதிரி இருக்கே.”

“நல்லா இல்லையா?”

“நல்லா இல்லையாவா? இத்தனை வருஷத்துல நீ செஞ்சதுலயே இதுதான் முதல் தரம். என்ன பண்ண?”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன். என் தம்பியின் நூடுல்ஸை அவர் வாயாலேயே பாராட்டிவிட்டார். மான்-சிக் கேட்டிருந்தால் காது மடல் சிவந்து சமையலறைக்குள் ஓடியிருப்பான்.

நாலாவது நிமிடம் கழுத்தைச் சொறிந்தார். பிறகு கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரல் அப்போதே கம்மிவிட்டது. “என்ன போட்ட?”

“கடைக்காரர் குடுத்ததுதான், முதலாளி.”

புரிந்துகொண்டார். அது முகத்தில் தெரிந்தது, அதைப் பார்க்கத்தான் ஆறு மாதம் காத்திருந்தேன். சிவப்புப் பை இருந்த இடத்துக்குக் கையை நீட்டினார். அங்கே ஒன்றும் இல்லை. பெட்டியிலிருந்து தரையில் சரிந்தார். நான் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தேன், சூட்டில் பல்பு போய்விடும் என்பதற்காக. எனக்கு நிமிடங்கள் நன்றாகத் தெரியும், சார், வேலையே அதுதானே. பதினோராவது நிமிடம் ஆம்புலன்ஸை அழைத்தேன். மாவு தவறுதலாகக் கலந்துவிட்டது என்று சொல்லி அழுதேன். அவர்கள் நம்பினார்கள், நீங்களும் நம்பினீர்கள். என் கையால் சாப்பிட்டு அதுவரை அவருக்கு ஒன்றும் ஆனதில்லையே.

அப்புறம் ஏன் வந்தாய் என்று கேட்கிறீர்கள். போன வாரம் அவர் நினைவாகக் கண்காட்சி வைத்தார்கள். நடு மண்டபத்தில், ஆளுயரத்துக்கு, வொன்ஜு படம். கீழே ஓர் அட்டை: உணவு, வொன்ஜு கடை வழங்கியது. அதன் முன்னால் ஒரு ஜோடி நின்று, “இதான் அந்த அஞ்சு துண்டுக் கடை” என்று சிரித்தது. அவர் செத்தும் என் தம்பியை விடவில்லை. எல்லோரும் அவரை நல்ல மனிதர், எதிர்பாராமல் போய்விட்டார் என்றார்கள். எதற்காக என்று ஊருக்குத் தெரியாவிட்டால் நான் வாங்கியது பழி இல்லை, வெறும் சமையல் தவறு. அதனால்தான் வந்தேன். அவ்வளவுதான், இனி அந்த ஒரு வரியை எழுதுங்கள்.

இப்போது நீங்கள் எழுதாமல் என்னைப் பார்க்கிறீர்கள். கேளுங்கள்.

“அந்தச் சின்னக் கிண்ணத்தைக் கவுத்து வச்சது யாரும்மா?”

நான்தான். வேறு யார் வைப்பார்கள்? ஐந்து துண்டை விரித்ததும் நான்தான். அது தொழில்நுட்பம், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. அவன் என் தம்பி, அவன் கடை நன்றாகத் தெரிய வேண்டும் என்று மற்றவர்களுக்கு வைப்பதைவிட உயரமான கிண்ணமாகப் பார்த்து வைத்தேன். அன்போடு செய்த வேலை அது. முதலாளி அன்று ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகிப்போயிருக்கும்.

நானே ஏன் சொல்லவில்லை என்றா? என் பேச்சை யார் கேட்பார்கள்? படத்தில் அவர் பெயர்தானே இருக்கிறது.

எதற்குக் கணினியைத் திருப்புகிறீர்கள்? ஆமாம், அந்தத் தொலைக்காட்சிப் பேட்டிதான். எனக்கு மனப்பாடம், பார்க்கத் தேவையில்லை. கடைக்காரர் கொடுத்ததைத்தான் எடுத்தோம் என்கிறார். பட்டனை அமுக்குவது என்கிறார். அதோடு முடிந்துவிடும். ஒளிபரப்பாகாத மிச்சத்தையும் டிவிக்காரர்களிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறீர்களா? சரி, ஓடட்டும்.

“இல்லையா, இன்-சுக்?” என்று அவர் பக்கவாட்டில் திரும்பிக் கேட்கிறார். கேட்டிருக்கலாம். நான் படத்துக்கு வெளியே நின்றேன். எது கேமராவின் சட்டகத்துக்குள் வரும், எது வராது என்று எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருடத்தில் ஒரு படத்திலும் என் விரல் நுனி விழுந்ததில்லை.

எங்கே காட்டுகிறீர்கள்? பின்னால் அலமாரியில், மான்-சிக்கின் பித்தளைக் கிண்ணம். திருப்பி அனுப்பாமல் அங்கேயே வைத்திருந்தோம். அதற்குள் ஓர் ஆள் தெரிகிறது. மேலங்கி போட்ட ஆள். என் மேலங்கி மாதிரிதான் இருக்கிறது. முதலாளி கேட்டதும் அந்தத் தலை இறங்கி ஏறுகிறது. இன்னொரு தடவை ஓட்டாதீர்கள், பார்த்துவிட்டேன்.

வளைந்த பித்தளையில் தெரிவதை நம்பக் கூடாது, சார். கேமராக்காரர் அசைந்திருப்பார், வெளிச்சம் மாறியிருக்கும். அதில் சும்மா நிற்கிறவர்கூடத் தலையாட்டுகிற மாதிரித்தான் தெரிவார். இதை என்னைவிடத் தெரிந்தவர் இந்த ஊரில் இல்லை. மான்-சிக் அந்தப் பேட்டியைப் பார்த்தான். டிவியில் வந்த பன்னிரண்டு வினாடியைத்தான் பார்த்தான், இந்த மிச்சத்தைப் பார்க்கவில்லை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பேனாவைக் கொடுங்கள். ஓக் தே-கியூவைத் திட்டமிட்டுக் கொன்றேன் என்று எழுதுங்கள். பையை ஒளித்தேன், பதினோரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன், அதற்காக வருத்தப்படவில்லை என்று எழுதுங்கள். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன். தலையாட்டினேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.